கடன் புத்தகமும் கணக்குக் கொப்பியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் மதுரங்குளிப் பகுதிப் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மதுரங்குளிப் பக்கத்தில் குடியிருக்கும் பழைய மாணவியரும் இந்த மேடையில் சில நிமிடங்கள் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் ஒரு சிறு கூட்டம். இளைப்பாறிய ஆசிரியைகள் இருக்கிறோம். வங்கியில் வேலை பார்த்தவரும், மருத்துவமாதுவாக வீடு வீடாக நடந்தவரும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறோம். இதை வாசிப்பவர் ஒருவர்தான் என்றாலும் எழுதியது எல்லோருமாக உட்கார்ந்துதான். ஆகவே உரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும்.

கல்லூரி வாழ்வின் இனிய நினைவுகளை மற்றச் சகோதரிகள் பேசுவார்கள். நாங்கள் பேச வந்தது இந்தக் கல்லூரிக்கு வராத பெண்களைப் பற்றி. நாம் இங்கே படித்துக்கொண்டிருந்த அதே வயதில் வெங்காயத் தோட்டத்திலும் கருவாட்டு வாடியிலும் தம்பி தங்கையரைத் தூக்கியபடியும் இருந்தவர்கள் அவர்கள். இன்று எங்கள் அயல் வீட்டுக்காரர்கள்.

மதுரங்குளியை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளம் நோக்கி வரும் வீதியில், புத்தளத்துக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். மேற்கே போனால் முந்தல் களப்பும் அதற்கப்பால் கடலும். கிழக்கே போனால் தென்னந்தோட்டங்களும் வரண்ட காடும். தெற்கே உடப்பு, வடக்கே பாலாவி உப்பளம், அங்கிருந்து பிரிந்து கற்பிட்டிக்குப் போகும் வீதி. முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்ததும் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். அன்று பத்து வயதில், கையிலிருந்த புத்தகப் பையை விட்டுவிட்டு வந்த சிறுமி இன்று நாற்பதைக் கடந்த தாய். முகாமில் தொடங்கிய வாழ்க்கையில் பாடசாலைக்குத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

இந்தப் பெண்கள் உழைக்காமல் இருக்கிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தும்பு ஆலையில் நார் உலர்த்துவது, கிடுகு பின்னுவது, நெத்தலியும் இறாலும் காயவைப்பது, கற்பிட்டிப் பக்கம் வெங்காயம் நடவும் பிடுங்கவும் போவது, மரமுந்திரிக் கொட்டை உடைப்பது, விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது, இவை எல்லாம் பெண்களின் வேலை. ஆனால் எங்கள் நாட்டுத் தொழிற்படைக் கணக்கில் வேலையில் உள்ளவர்களாகவோ வேலை தேடுபவர்களாகவோ வருகிற பெண்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை, வீட்டில்தான்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது பின்னிய கிடுகு முற்றத்தில் அடுக்கி இருக்கும்.

எழுத்தறிவுக் கணக்கும் இதைப் போன்றதே. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் எழுத்தறிவு 95 சதவீதத்துக்கும் மேல். 1945 இல் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியின் கொடை அது. நாங்களும் அதன் பிள்ளைகளே. ஆனால் அந்த 95க்குள் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவரும் இருக்கிறார். மூன்றாம் வகுப்பில் படித்ததை முப்பது ஆண்டுகளாகத் தொடாமல் மறந்துபோனவரும் இருக்கிறார். மறுபக்கம், எழுதத் தெரியாதவர் என்று நாம் ஒதுக்கும் பெண்ணிடம் நாம் அறியாத படிப்பும் இருக்கிறது. எங்கள் பகுதி மூத்தும்மாக்களில் பலர் குர்ஆனைச் சரளமாக ஓதுவார்கள். சிலர் அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழையும் வாசிப்பார்கள். தமிழ் நெடுங்கணக்குத் தெரியாததால் மட்டும் அவர்கள் 'எழுத்தறிவற்றோர்' ஆனார்கள். இருபது பேர் சேர்ந்த சீட்டை, யார் எத்தனையாவது மாதம் எடுத்தார், யார் பாதி கட்டி மீதி வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் மனதிலேயே வைத்து நடத்துகிற பெண்களையும் நாங்கள் அறிவோம். ஆகவே நாங்கள் வகுப்புத் தொடங்கியபோது ஒன்றும் அறியாதவர்களுக்குப் படிப்பிக்கப் போகவில்லை. மனதில் இருக்கும் கணக்கைக் கடதாசிக்குக் கொண்டுவர உதவப் போனோம்.

ஏன் கடதாசிக்கு வர வேண்டும்? சீட்டுக் கணக்கு, ஒருவரை ஒருவர் அறிந்த இருபது பேருக்குள் நிற்கும். கடன் கணக்கு அப்படியல்ல. அது கடதாசியில் வருகிறது. கடதாசியை எழுதியவருக்குத்தான் அதன் பொருள் தெரியும்.

'கிழமைக் கடன்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளில் வருவார்கள். மூன்று பேரோ ஐந்து பேரோ சேர்ந்தால் போதும், காணி உறுதி வேண்டாம், நகை வேண்டாம், ஒருவருக்கு ஒருவர் பிணை. வங்கி வாசற்படி ஏற முடியாத பெண்ணுக்கு வீட்டு வாசலில் பணம் கிடைப்பது சிறிய விடயம் அல்ல. இதைப் பழித்துவிட்டுப் போவது எளிது. வங்கி அவளுக்கு ஏன் கடன் கொடுக்கவில்லை என்று கேட்காமல் பழிப்பது நியாயமும் அல்ல. ஆனால் கடதாசியில் உள்ளதைக் கொஞ்சம் பார்ப்போம்.

50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 52 கிழமைத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா, மொத்தம் 62,000. கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் அவள் கையில் இருக்கவில்லையே! முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறாள். ஆறு மாதத்தில் பாதி முதல் திரும்பிப் போய்விட்டது. வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாவுக்கும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி ஏறக்குறைய 44 சதவீதம். இதை எங்களில் வங்கியில் இருந்தவர் பலகையில் எழுதிக் காட்டிய மாலையில், வகுப்பில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு ராத்தா மெல்லக் கேட்டார்: "அப்ப டீச்சர், நாங்க மூணு கடன் எடுத்தோமே, அதுக்கு?"

இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. வைப்பு ஏற்கும் நுண்நிதி நிறுவனங்களுக்கு மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று 2016 இன் 6 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த, 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீத உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வீதியோரத்தில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். சட்டமும் வேண்டும், போராட்டமும் வேண்டும். ஆனால் இரண்டும் வருவது கையெழுத்து வைத்த பிறகுதான். கையெழுத்து வைக்கும் முன்பு அவளுக்குத் துணையாக இருக்கக்கூடியது அவளுடைய வாசிப்பு ஒன்றே.

இந்த வழியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. நமக்கு முன்னே பலர் நடந்த பாதை இது. கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத்தவர் ஒருவரை மணந்து, இலங்கையிலேயே வாழ்ந்து மறைந்த மருத்துவர் மேரி இரத்தினம் அவர்கள், 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் கூடி எழுத்து, சுகாதாரம், கைப்பணி, சிக்கனம் ஆகியவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் சங்கங்கள் அவை. அடுத்த ஆண்டு, 1931 இல், இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். வாக்குச் சீட்டும் கிராமச் சங்கமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம். மேரி இரத்தினம் அவர்களுக்கு 1958 இல் மக்சாய்சாய் விருது கிடைத்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவருடைய பெயரைக் கேட்டிருப்பார்கள்?

சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களோ 1906 முதல் இந்த நாட்டில் இருக்கின்றன. 1978 இல் சணச இயக்கமாக அவை புத்துயிர் பெற்றன. அவற்றின் விதி எளிது: முதலில் சேமி, பிறகு கடன் எடு, கடனைத் தீர்மானிப்பவர்கள் உன்னை அறிந்த அயலவர்கள்.

இந்தியாவில் அகமதாபாத்தில் 1972 இல் இலா பட் அம்மையார் தொடங்கிய சேவா அமைப்பின் கதையும் நாம் அறியத்தக்கது. கூடை சுமப்பவர்கள், பழைய துணி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் சேர்ந்த சங்கம் அது. 1974 இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கி அமைத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று அதிகாரிகள் தயங்கியபோது, பதிவுக்குக் கையெழுத்திட வேண்டிய பெண்கள் இரவிரவாக உட்கார்ந்து தம் பெயரை எழுதப் பழகினார்கள். கையெழுத்தில்லாத வாடிக்கையாளரைப் புத்தகத்தில் ஒட்டிய புகைப்படத்தால் அடையாளம் கண்டார்கள். எழுத்துத் தெரிந்த பிறகு வா என்று எவரையும் அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. வங்கியும் எழுத்தும் கூடவே வந்தன.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991 இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தார்கள். கல் உடைப்பவர்களும் வயலில் கூலி செய்பவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் கழிந்த நேரத்தில் ஒரு பகுதி அவள் கைக்குத் திரும்பியது. அந்த நேரத்தில்தான் அவள் வகுப்புக்கு வந்தாள். கணவன் வந்து ஏற்றிப்போக வேண்டும் என்று காத்து நிற்காமல் விளைபொருளைத் தானே சந்தைக்குக் கொண்டுபோனாள். அதே மாவட்டத்தில் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். குத்தகை எடுத்தவள் லொறிக் கணக்கு எழுதத்தானே வேண்டும்? எழுத்துக்கு அங்கே உடனே ஒரு வேலை இருந்தது. வேலையில்லாத எழுத்து மறந்துபோகும் என்பதை எங்கள் வகுப்பிலும் பார்த்திருக்கிறோம்.

இனி எங்கள் வகுப்பைப் பற்றி. கிழமைக்கு இரண்டு மாலை, அஸர் தொழுகைக்குப் பின். ஒரு வீட்டின் முன் விறாந்தை. முஸ்லிம் பெண்கள்தான் அதிகம். உடப்புப் பக்கத்திலிருந்து மணமாகி வந்த தமிழ்ச் சகோதரிகளும், அடுத்த ஒழுங்கையிலிருந்து இரண்டு சிங்களச் சகோதரிகளும் வருகிறார்கள். அவர்கள் கணக்குக்கு மட்டும் வந்தார்கள்; இப்போது எங்களுக்குச் சிங்களப் படிவங்களை வாசித்துக் காட்டுகிறார்கள். பாடப் புத்தகம் என்று ஒன்று இல்லை. மின்சாரப் பட்டியல், மருந்துச் சரை, வங்கிப் புத்தகம், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை, அரிசி மாப் பைக்கற்று ஆகியவையே பாடங்கள். 'அ' அம்மா என்று தொடங்கவில்லை. அவரவர் பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் தொடங்கினோம்.

மூன்றாம் மாதம் கொப்பி வருகிறது. ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு. இடியப்பம் அவித்து விற்கும் ஒரு சகோதரியின் கணக்கை, கூட்டிக் கழிக்க வசதியாக எண்களை நேராக்கிச் சொல்கிறோம். நாளுக்கு 200 இடியப்பம், ஒன்று 10 ரூபா, வரவு 2,000. மாவுக்கு 900. "ஆக, 1,100 ரூபா இலாபம்" என்றார் அவர். பல ஆண்டுகளாக அப்படித்தான் நினைத்திருந்தார். சம்பலுக்கும் சொதிக்கும் தேங்காய் 4. "அது வீட்டு மரத்துத் தேங்காய் டீச்சர்." விற்றிருந்தால் 400 ரூபா கிடைத்திருக்கும் அல்லவா, எழுதுங்கள் என்றோம். விறகுக்கு 200, பைக்கு 50, முச்சக்கர வண்டிக்கு 150. மொத்தச் செலவு 1,700. மிஞ்சுவது 300. அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி ஏழு மணி வரை செய்த வேலைக்கு 300 ரூபா. அவருடைய கூலியை இன்னும் எழுதவே இல்லை.

இப்போது அந்தக் கடனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு 1,100 இலாபம் என்று நம்புகிறவளுக்குக் கிழமைக்கு 1,192 பெரிதாகத் தெரியாது. ஒரு நாள் உழைப்புத்தானே என்று கையெழுத்து வைப்பாள். உண்மையில் ஆறு நாள் உழைத்து மிஞ்சுவது 1,800 ரூபா. தவணை போனால் 608. நாளுக்கு 100 ரூபா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் அடுப்பு மூட்டாவிட்டால் அந்தக் கிழமைத் தவணையே தட்டும். அதைக் கட்ட இரண்டாம் கடன். இரண்டாவதைக் கட்ட மூன்றாம் கடன். வட்டி ஒரு பக்கம் இழுக்க, தன் இலாபத்தைத் தானே அறியாதது மறுபக்கம் இழுக்கிறது. இரண்டாவதை ஒரு கொப்பியால் மாற்ற முடியும்.

அந்தச் சகோதரி ஒன்றின் விலையை 12 ரூபா ஆக்கினார். இரண்டு கடைக்காரர் வேண்டாம் என்றார்கள், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மாவை மூன்று பேர் சேர்ந்து மூட்டையாக வாங்குகிறார்கள். தூரத்துக் கடையை விட்டுவிட்டார். பெரிய செல்வம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் எந்த நாளில் எவ்வளவு மிஞ்சியது என்று இப்போது சொல்கிறார். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி அவர் பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது.

இன்னொரு சம்பவம். ஒரு நிறுவனத்தின் அலுவலர் பிணைப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். ஐந்து பேரில் நால்வர் கையெழுத்து வைத்தாயிற்று. ஐந்தாமவர் எங்கள் வகுப்பு ராத்தா. படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தவர், "இந்த இடம் ஏன் வெறுமையா இருக்கு?" என்று கேட்டாராம். தொகை எழுத வேண்டிய இடம் அது. ஒஃபிசில் போய் நிரப்புவோம் என்றிருக்கிறார் அலுவலர். "அப்ப நிரப்பிக்கொண்டு வாங்க, கையெழுத்து வைக்கிறன்." நான்கு பேருக்கும் ராத்தா மேல் கோபம். ஒரு கிழமை பேசவில்லை. தொகை நிரப்பிய படிவம் வந்த பிறகு ஐவரும் சேர்ந்து வாசித்துத்தான் கையெழுத்து வைத்தார்கள். கடனை வேண்டாம் என்று சொல்வது அல்ல எங்கள் பாடம். எவ்வளவு, எத்தனை தவணை, யாருக்கு யார் பிணை என்று கேட்டு எடுப்பதுதான்.

மொழி மற்றொரு சுவர். 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழி ஆயிற்று. ஆனாலும் தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேட்கத் துணிவு வேண்டும். அந்தக் கேள்வியை வகுப்பிலேயே ஒத்திகை பார்த்தோம். ஒருவர் உத்தியோகத்தராக மேசைக்குப் பின்னால் உட்கார, மற்றவர் போய்க் கேட்பது. சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஆனால் முந்தல் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு செய்யப் போனவர்கள் அந்தச் சிரிப்பைத்தான் துணைக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். வியாபாரப் பெயர் பதிந்தால்தான் வங்கியில் தொழிற் கணக்குத் திறக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையல் இடத்தைப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டால்தான் பெரிய கடைகள் பொருளை எடுக்கும். இறால் சம்பல் போத்தலில் உள்ளடக்கம், நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலை, விலாசம் எல்லாம் இருக்க வேண்டும். சிட்டையில் தன் பெயரைத் தானே எழுதி ஒட்டிய நாளில் ஒரு தாய் அந்தப் போத்தலை விற்க மறுத்து வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டார். முதற் போத்தல் விற்பனைக்கு இல்லையாம்.

எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். வெங்காயப் பருவம் வந்தால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். நாட்கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. கைக்குழந்தையோடு வருபவர் பாதியில் எழும்பிப் போக வேண்டியிருக்கிறது. 2022 நெருக்கடியில் மாவும் எரிவாயுவும் விலை ஏறியபோது எழுதிய கணக்கெல்லாம் ஒரு கிழமையில் பழசாகிப் போனது. சில வீடுகளில் கணவன்மார் முதலில் விரும்பவில்லை. "இவ்வளவு வயசில் என்ன படிப்பு?" என்றார்கள். கொப்பியைப் பார்த்த பிறகு சிலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. பழைய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி, சகோதரிகளே, எங்கள் வேண்டுகோள். நூற்றாண்டு நிதியிலிருந்து கிராமத்துப் பெண்களுக்குத் தையல் இயந்திரங்கள் கொடுப்பது நல்லது என்ற யோசனை கூட்டத்தில் வந்ததை அறிவோம். நல்ல மனதோடு வந்த யோசனை. ஆனால் எங்கள் பகுதியில் துணி மூடிக் கிடக்கும் தையல் இயந்திரங்களை எண்ணிக் காட்ட முடியும். இயந்திரம் கிடைத்த பெண்ணுக்குத் துணி எங்கே மலிவாக வாங்குவது, ஒரு சட்டைக்கு எவ்வளவு கூலி கேட்பது, தவணைக்கு எடுத்த நூலுக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. இயந்திரம் கொடுப்பது ஒரு நாள் விழாவோடு முடியும், படமும் எடுக்கலாம். வகுப்பு மூன்று ஆண்டாவது நடக்க வேண்டும். அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நாங்கள் வகுப்பையே கேட்கிறோம். தையல் தெரிந்து, கணக்கும் கற்று, இயந்திரம் வேண்டும் என்று கேட்டு வருபவருக்கு இயந்திரமும் கொடுப்போம்.

குறிப்பாக நான்கு காரியங்கள். உங்களில் வங்கியாளர்களும் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இருக்கிறீர்கள். கடன் படிவத்தையும் பிணைப் படிவத்தையும் எப்படி வாசிப்பது என்று பெரிய எழுத்தில், எளிய தமிழில், ஒரு சிறு நூல் எழுதித் தாருங்கள். சிங்களத்திலும் ஒன்று வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள், வகுப்புக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்காரர்கள் பாதியில் எழும்பிப் போவதைத் தடுக்க இதைவிட நேரான வழி எங்களுக்குத் தெரியவில்லை. கொழும்பில் இருப்பவர்கள், எங்கள் பெண்களின் கருவாட்டையும் சம்பலையும் மரமுந்திரியையும் அவர்கள் எழுதிய விலைக்கு வாங்குங்கள். இரக்கப்பட்டுக் கூட்டித் தர வேண்டாம், பேரம் பேசிக் குறைக்கவும் வேண்டாம். பொருள் நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்றே சொல்லுங்கள். கடைசியாக, இந்தக் கல்லூரியில் இன்று உயர்தரம் படிக்கும் மாணவியர் விடுமுறையில் இரண்டு கிழமை எங்களோடு வந்து உட்காரட்டும். வர்த்தகப் பிரிவு மாணவிக்கு இலாப நட்டக் கணக்கை இடியப்பக்கார ராத்தாவை விட நன்றாகச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

பெயர்ப் பலகை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். விறாந்தைக்கு ஒரு நல்ல விளக்கும் ஒரு கரும்பலகையும் போதும்.

நம்மை இந்தக் கல்லூரிக்கு அனுப்பியவர்களில் பலர் தாங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கட்டணம் கட்டியதும் சீருடை தைத்ததும், பஸ் வரும்வரை வீதியோரத்தில் நம்மோடு நின்றதும் அவர்கள்தான். அவர்களுக்குப் பட்ட கடனை அவர்களுக்கே திருப்பிக் கட்ட முடியாது. அவர்களைப் போன்றவர்கள் எங்கள் அயலில் இருக்கிறார்கள். வகுப்பு செவ்வாயும் வியாழனும். ஊருக்கு வரும்போது மதுரங்குளிச் சந்தியில் இறங்கிக் கேளுங்கள், வீட்டைக் காட்டுவார்கள்.